காது கொடுங்கள், உயிரைக் காக்கலாம்!

இங்கிலாந்தில் லிங்கன் என்று ஓர் ஊர். 1935-ம் ஆண்டு அங்கே 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

காரணம் என்ன? வறுமையா? இல்லை. அவள் அப்போதுதான் பெரியவளாகி இருந்தாள். அது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ வெட்கக்கேடான நோய் வந்துவிட்டது என்று நினைத்தாள். வெளியே சொல்லப் பயந்தாள்.

அவளை அடக்கம் செய்தவர் சாட் வாரா என்ற இளம் பாதிரியார். பேசுவதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் இந்தப் பெண் பிழைத்திருப்பாளே என்ற வேதனை அவரை விடவில்லை.

டெலிபோன் மணி அடித்தது

18 ஆண்டுகள் கழிந்தன. 1953-ல் சாட் வாரா லண்டன் நகரில் ஒரு தேவாலயத்துக்குப் பாதிரியாராக வந்தார். உயிரை விட நினைப்பவர்கள் தன்னோடு டெலிபோனில் பேசலாம் என்று அறிவித்தார். நவம்பர் 2-ந் தேதி முதல் அழைப்பு வந்தது.

பிறகு பலர் நேரிலும் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் முன்வந்தார்கள். அவர்கள் சாதாரண மனிதர்கள்.

அங்கேதான் அதிசயம் நடந்தது. தேநீர் கொடுத்தவர்களிடமே பலர் மனம் விட்டுப் பேசினார்கள். பாதிரியாரைப் பார்க்காமலே பாரம் இறங்கி வீடு திரும்பினார்கள்!

பாதிரியார் உண்மையைப் புரிந்துகொண்டார். 1954-ல் அந்தப் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் 'சமாரிட்டன்ஸ்' சங்கம். பைபிளில் வரும் நல்ல சமாரியனின் பெயர் அது.

சென்னையில்

இதே வழியில், 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சினேகா' நிலையத்தைத் தொடங்கினார். அங்கும் காது கொடுத்துக் கேட்பவர்கள் தொண்டர்களே. முதலில் அவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள்.

"கேட்பதற்குக்கூடப் பயிற்சியா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டியதில்லை. பேசுவது எளிது, கேட்பதுதான் கடினம். குறுக்கே பேசக் கூடாது. குற்றம் சொல்லக் கூடாது. அழுதால் அழ விட வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது.

வீட்டில் நடப்பது என்ன? மகனோ மருமகளோ, "வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்னால், "வாயைக் கழுவு" என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள். "யாருக்குத்தான் கஷ்டம் இல்லை?" என்கிறார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் திறந்த மனக்கதவு அந்த ஒரு சொல்லோடு மூடிக்கொள்கிறது.

"அதைப் பற்றிக் கேட்டால், இல்லாத நினைப்பு வந்துவிடுமோ?" என்றும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். "உயிரை விடலாம் என்று நினைக்கிறாயா?" என்று அன்போடு நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடுவதில்லை. ஆராய்ச்சிகள் கண்ட உண்மை இது. கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும்.

புத்திமதி பிறகு ஆகட்டும். முதலில் பக்கத்தில் உட்கார வேண்டும். சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும்.

அதற்காக டாக்டர் வேண்டாம் என்பது அல்ல. மனநோய்க்கும் மருந்து உண்டு. டாக்டரிடம் அழைத்துப் போவதில் அவமானம் இல்லை. ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடக் கூடாது. அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை.

லிங்கன் நகரத்துச் சிறுமிக்குப் பெரிய உதவி எதுவும் தேவைப்படவில்லை. "என்னம்மா, ஏன் வாடி இருக்கிறாய்?" என்று கேட்க ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.