பரிசும் பாடமும்

உரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. 1907-ஆம் ஆண்டு அங்கே குழந்தைகள் இல்லம் ஒன்று திறக்கப்பெற்றது. மருத்துவம் பயின்ற மரியா மாண்டிசோரி அம்மையார் அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றார். (1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றியவரும் இவரே.)

ஒரு நாள் அவர் வகுப்பினுள் நுழைந்தபோது, சிறுவன் ஒருவன் வெள்ளிப் பதக்கம் அணிந்திருந்தான். மற்றொருவன் தண்டனையாக நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்தான். முன்னவன் தன் வேலையே கருத்தாய் நடமாடுகையில் பதக்கம் நழுவி விழுந்தது. தண்டனை பெற்றவன் அதனை எடுத்துக் காட்டினான். அவனோ, வேண்டுமாயின் நீயே அணிந்துகொள் என்று கூறி வேலையைத் தொடர்ந்தான். சும்மா இருந்தவன் அதை அணிந்து மகிழ்ந்தான்!

பதக்கத்தினும் இனிதாக அங்கே இருந்தது யாது? அம்மையார் அமைத்த கருவி ஒன்றைக் காண்போம். நீண்ட மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றுக்கேற்ற பத்து உருளைகள். ஒன்றை இடம் மாற்றி வைத்தால், இறுதியில் ஓர் உருளை எக்குழியிலும் பொருந்தாது நிற்கும். பிழையைச் சுட்ட ஆசிரியர் வேண்டா, கட்டையே சுட்டிவிடும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் பிறர் பாடியபோதும் தலை நிமிராது, 40 முறைக்கு மேல் அதனைச் செய்தாள். அவளுக்கு எவரும் பரிசு கூறவில்லை.

1973-இல் அமெரிக்க உளநூலறிஞர் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையரை ஆராய்ந்தனர். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று ஒரு சாரார்க்கு முன்னரே உரைத்தனர். வேறு சிலர்க்கு வரைந்தபின் எதிர்பாராது அளித்தனர். ஏனையோர்க்கு ஒன்றும் தரவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, முதற்சாரார் வரைதலில் செலவிட்ட நேரம் மற்றவரினும் ஏறத்தாழப் பாதியே. விளையாட்டாய் இருந்தது கூலி வேலையாய் மாறியது போலும்!

இதனால் பரிசே தீது என்று கொள்ளுதல் பொருந்தாது. எதிர்பாராது பெற்றவர்தம் ஆர்வம் குன்றவில்லை. விருப்பம் அரும்பாத பாடத்திற்குச் சிறு பாராட்டுத் தொடக்கத்தில் துணையாகலாம். ஆனால், குழந்தை விரும்பிப் படிக்கும் கதைக்கும் மதிப்பெண் என்னும் விலை பேசுவது தகாது. பாடம் அமைப்போர் பரிசைத் தேடுமுன் அந்த மரக்கட்டையை நினைத்தல் வேண்டும். வகுத்தல் கணக்குச் செய்த மாணவன், ஈவை வகுஎண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால், சிவப்பு மைக்குக் காத்திராமலே தன் பிழையை அறிவான். விடைகளைக் கடைசிப் பக்கத்தில் அச்சிடும் கணக்கு நூல்கள், இவ்வழிக்கு முதற்பக்கத்திலேயே இடம் தரலாம்.