கடல் கடந்த வாடிக்கை

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி முதல் இந்தியத் தபால் இலாகா அமெரிக்காவுக்குச் செல்லும் பார்சல்களை ஏற்பதை நிறுத்திற்று. முதலில் கடிதங்களுக்கும், 100 டாலருக்கு மேற்படாத பரிசுப் பொருள்களுக்கும் விலக்கு இருந்தது. சில தினங்களில் அவ்விலக்கும் எடுபட்டது. அக்டோபர் 15-ந் தேதிதான் வழி மீண்டும் திறந்தது. ஏழு வாரங்களுக்கு மேலாகத் தபாலாபீஸ் கதவு அடைபட்டுக் கிடந்தது. சுங்க வீதங்களைப் பற்றியே பேசித் தீர்த்த நமது அரசியல்வாதிகளில் எத்தனை பேர் இக்கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினர்? அன்று பேசாது விட்டதை இன்று பேசுதல் அவசியமென்று கருதுகிறோம். ஏனெனில், கதவு திறந்துவிட்டதேயொழிய அது அடைபட்டதன் காரணம் நீங்கிவிடவில்லை.

காரணம் யாது? 800 டாலருக்குட்பட்ட சிறு பார்சல்களைச் சுங்கமின்றி அனுமதிக்கும் வழக்கம் அமெரிக்காவில் 2016 முதல் இருந்துவந்தது. அச்சலுகையை அந்நாட்டு சர்க்கார் 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கினர். இனி ஒவ்வொரு சிறு பொட்டணத்துக்கும் வரி உண்டு என்றாயிற்று. அவ்வரியை யார் வசூலிப்பது, எவர் மூலம் செலுத்துவது என்னும் ஏற்பாடு தெளிவுபடாமையால், விமானக் கம்பெனிகள் தபாற் சரக்கை ஏற்க மறுத்தன. பெரு வியாபாரிகளுக்குக் கப்பலும் தனியார் கூரியரும் இருந்தன. தபாலையே நம்பியிருந்த சிறு கைத்தொழிலாளிக்கு என்ன இருந்தது? அடைபட்டது ஏழையின் பாதையே.

இஃது எங்கோ நிகழ்ந்த விஷயமென்று நமது ஜில்லாவாசிகள் எண்ணற்க. திருவண்ணாமலைக்கும் வெளிநாடுகளுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. 1934-இல் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் இரமண மகரிஷியைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்த நாள்தொட்டு, மேனாட்டார் இவ்வூரை நாடி வந்தவண்ணம் இருக்கின்றனர். வந்தவர் ஊர் திரும்பிய பின்னரும் இங்கே கண்ட பித்தளை விளக்கையும், கற்சிற்பத்தையும், பட்டையும் நினைந்து எழுதிக் கேட்கின்றனர். அருகே ஆரணியில் நெய்யப்படும் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஜவ்வாது மலையின் சாமையும் தேனும் பெயர் பெற்றவை. முன்னாளில் நெசவாளியின் கைப்பொருள் அந்நியன் கையை அடையுமுன் மூன்று நான்கு தரகர்களின் கைகளைக் கடந்தது. இன்றோ, கைப்பேசி ஒன்று உடையவன் தன் பொருளின் படத்தை இணையச் சந்தையில் வைத்து, ஆஸ்திரேலியாவில் இருப்பவனுக்கு நேரே விற்கலாம். இது சாமானியமான மாறுதலன்று. தரகனுக்குப் போன லாபம் தறிக்காரன் வீட்டுக்குத் திரும்பிவரும் வழி இது.

ஆயினும் இவ்வழியில் இறங்கியோரில் பலர் முதலுக்கே மோசம் வந்து மீண்டிருக்கின்றனர். ஆழம் அறியாமற் காலை விட்டமையே அதன் காரணம். கடலைத் தாண்டுவது இன்று எளிது. காகிதத்தைத் தாண்டுவதே அரிது.

கடல் வாணிகத்தில் தமிழர் கற்ற பெரும் பாடம் ஒன்றை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. எதிரியாகிய ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்ப் பிரயாணிகளைக் கட்டணமின்றி ஏற்றிக் குடையும் இனாமாகக் கொடுக்க முன்வந்தது. 1908-இல் பிள்ளை சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்த இனாம் குடையை நாம் மறக்கலாகாது. ஆழ்ந்த முதலுடையவன் நஷ்டத்தில் நடத்திக் காட்டும் வித்தையைச் சிறு முதலுடையவன் பார்த்துச் செய்யப் புகுந்தால் அவன் கதி என்னாகும்?

இன்று அக்குடையின் பெயர் ‘அனுப்பும் கூலி இலவசம்’ என்பது. உலக முழுவதும் கிளை பரப்பிய வியாபார ஸ்தாபனங்கள் அவ்வாறு விளம்பரம் செய்கின்றன. அவற்றைக் கண்டு நமது சிறு வியாபாரியும் அதே விளம்பரத்தை வைக்கிறான். ஆர்டர் வந்த பின்னரே கூரியர் ஆபீசில் கூலியைக் கேட்டுத் திகைக்கிறான். எடைக்கு மாத்திரமே கூலி என்பது அவன் நினைப்பு. கூரியர் கம்பெனிகளோ பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுத்து, வரும் தொகையைக் கிலோவாகக் கொள்கின்றன. இதுவும் மெய்யெடையும் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. 50, 40, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் மூன்று கிலோ சரக்கே இருப்பினும், பன்னிரண்டு கிலோவுக்குக் கூலி கட்டவேண்டும். ஆகவே, பெட்டியில் அடைத்து, அளந்து, நிறுத்து, கூலியை விசாரித்த பின்னரே விலை கூறுதல் வேண்டும். விலையும் கூலியும் வெவ்வேறாகக் காட்டப்படுதல் இருதிறத்தார்க்கும் நலம்.

கூலிக்கு அடுத்தது வரி. வாங்குவோன் வாசலில் எவ்வளவு வரி விழும் என்பதை அறியாது விற்பவன் பாதி வியாபாரமே செய்தவனாவான். அமெரிக்கத் தபால் வழி 2025 அக்டோபரில் திறந்தபோது, அறிவிக்கப்பட்ட விலையில் நூற்றுக்கு 50 வீதம் சுங்கம் ஏற்பட்டது. அதனை அனுப்புவோனே இங்குத் தபாலாபீசில் முன்கூட்டிச் செலுத்தும்படி ஏற்பாடாயிற்று. பதினாயிரம் ரூபாய்ப் புடவைக்கு ஐயாயிரம் ரூபாய்! இவ்வீதங்கள் மாறும் இயல்பின; அனுப்பும் நாளில் கேட்டறிந்தே அனுப்புதல் வேண்டும். அமெரிக்கா மாத்திரமே இவ்வாறு செய்ததென்று எண்ணுதலும் தவறு. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் குறைந்த விலைச் சரக்குக்கும் தன் விற்பனை வரியை விதித்தது. பிரிட்டன் 2021 ஜனவரியிலும், ஐரோப்பிய யூனியன் அதே வருஷம் ஜூலையிலும் சிறு பார்சல்களுக்கிருந்த வரி விலக்கை நீக்கின. சிங்கப்பூர் 2023 ஜனவரியில் அவ்வழியே சென்றது. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கப்படும் பல்வகைப் பொருள்களுக்கு அங்கேயே பொறுப்பாளி ஒருவர் இருத்தல் வேண்டுமென்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கிவந்ததைக் கவனித்தவர்க்கு 2025 ஆகஸ்டு இடியாக விழுந்திராது. ஒரே நாட்டு வாடிக்கையை நம்பித் தறி போட்டவரே அதிகம் தவித்தனர்.

இனி ஒரு குற்றத்தைக் கண்டிப்பது நமது கடமை. வாங்குவோர் சிலர், ‘பரிசுப் பொருள் என்று எழுதுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்று கேட்கின்றனர். வாடிக்கை போய்விடுமே என்றஞ்சி நம்மவரும் இணங்குகின்றனர். அச்சுங்கப் படிவத்தில் கையொப்பமிடுபவன் வாங்குவோனல்லன், விற்போனே. பொய்யென்று தெரிந்தால் சரக்கு பறிமுதலாகலாம். வழியில் தொலைந்தாலோ எழுதிய விலைக்கு மேல் ஈடு கேட்க வழியில்லை. பதினாயிரம் ரூபாய்ப் பட்டை ஆயிரமென்று எழுதியவன், நஷ்டமேற்பட்டால் எந்த முகத்தோடு பதினாயிரம் கேட்பான்? பணத்தினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. ஓர் ஊரின் பார்சல்கள் பொய் சொல்பவை என்று சுங்க உத்தியோகஸ்தர் கருதத் தொடங்கினால், மெய் சொல்லும் அண்டை வீட்டான் பார்சலும் தடைபடும். அந்நியனுக்கு வரியை ஏய்த்துக் கொடுப்பது தேசபக்தியுமாகாது, வியாபாரமுமாகாது.

பொருளின் குணத்தையும் உள்ளபடி கூறுதல் வேண்டும். 1958-இல் நிகழ்ந்ததொன்று இன்றும் பேசப்படுகிறது. சாயம் இளகும் சென்னைக் கட்டத்துணியைக் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் அமெரிக்க வியாபாரி ஒருவருக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மெல்லத் துவைக்கவேண்டுமென்னும் எச்சரிக்கை கடைசியாக வாங்கியோரைச் சென்றடையவில்லை. அவர்கள் இயந்திரத்தில் இட்டுத் துவைத்தனர்; சாயம் ஓடிற்று; கூச்சல் எழுந்தது. பிற்பாடு, ‘இத்துணி சாயம் விடும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று அக்குணத்தையே வெளிப்படையாக விளம்பரம் செய்தபோது, அதே துணியை ஜனங்கள் ஆவலோடு வாங்கினர். குறையென்று மறைத்தது வழக்காயிற்று. குணமென்று சொன்னது வாணிகமாயிற்று. கைத்தறியில் இழை முன்பின்னாக இருக்கும், வார்ப்பில் சிறு தழும்பு இருக்கும் என்பவற்றை முன்னரே எழுதிவிட்டால், பின்னர் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

நமது ஊர்க்கே உரிய எச்சரிக்கைகளும் சில உள. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், விக்கிரகம் முதலியவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டம் தடுக்கிறது. புதிதாக வார்த்த விக்கிரகமே ஆயினும், பழமைத் தோற்றமுடையதாயின், அது பழம்பொருளன்று என்று தொல்லியல் இலாகாவின் அத்தாட்சி பெற்றனுப்புதல் தக்கது. மயிற்பீலி ஏற்றுமதிக்குத் தடையுண்டு. சந்தனக் கட்டைக்குக் கடும் கட்டுப்பாடுண்டு. ருத்திராக்ஷம் நமக்குப் புனித மணி. ஆஸ்திரேலியச் சுங்கச் சாவடியில் அது வெறும் விதை. விதையையும், மண்ணையும், மரத்தையும் அந்நாட்டார் கடுமையாகச் சோதிப்பர்.

சட்டத்தொழில் புரிவோர் நன்கறிந்த உண்மை ஒன்று: நியாயம் இருந்தாற் போதாது, அத்தாட்சியும் இருத்தல் வேண்டும். கடல் கடந்த வழக்கில் இது பன்மடங்கு மெய். வாங்குவோன், ‘சரக்கு வரவில்லை’ என்றோ, ‘உடைந்து வந்தது’ என்றோ தன் பாங்கிக்கு எழுதினால், நம் கணக்கில் விழுந்த பணம் திரும்பப் பிடிக்கப்படும். அங்கே கோர்ட்டுமில்லை, வக்கீலுமில்லை. காகிதம் ஒன்றே பேசும். ஆகவே போகுமிடம் அறியும் எண்ணில்லாத எந்தப் பார்சலையும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. கட்டுமுன் பொருளையும், கட்டியபின் பெட்டியையும் படமெடுத்து வைத்தல் வேண்டும். பேச்சுவார்த்தை முழுவதும் எழுத்திலேயே நடத்தல் வேண்டும். பணம் செலுத்தியவன் ஒரு பெயரும், சரக்குப் பெறுவோன் வேறொரு பெயருமாக இருந்து, அவசரமும் காட்டினால், அனுப்புமுன் நிதானித்து விசாரித்தல் வேண்டும். திருப்பியனுப்பும் கூலி யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுக. ஏனெனில் அக்கூலி சில சமயங்களில் பொருளின் விலையையே விழுங்கும்.

இவ்வளவும் தனிமனிதன் செய்யத்தக்கவை. ஆயின் அனைத்தையும் அவன் தலையிலேயே சுமத்துதல் நியாயமாகுமோ? ஏற்றுமதி செய்ய அவனுக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் குறியீட்டெண் வேண்டும். அதை வருஷந்தோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையில் உறுதிப்படுத்தவும் வேண்டும். பொருளுக்குரிய சுங்க எண்ணும், தபால் ஏற்றுமதிப் பத்திரமும் வேண்டும். இவற்றுக்கு உதவவென்றே மத்திய சர்க்கார் 2022 முதல் தபாலாபீசுகளில் ஏற்றுமதி மையங்களை நிறுவினர். தேசமெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை அமைந்தன. நன்முயற்சியே, பாராட்டுகிறோம். ஆனால் அவற்றின் பெயரோ ‘டாக் கர் நிர்யாத் கேந்திரம்.’ ஆரணி நெசவாளிக்கு இப்பெயர் எதை உணர்த்தும்? பலகையைப் படித்தறிய இயலாதவன் உள்ளே நுழைவது எங்ஙனம்? தமிழ்நாட்டில் தமிழனுக்கு உதவும் ஸ்தாபனம் தமிழில் பேசவேண்டுமென்று கேட்பது மொழிவெறியன்று, வியாபார புத்தி.

ஆதலின் நாம் கேட்பன மூன்று. முதலாவது, இம்மையங்களின் படிவங்களும் விளக்கங்களும் தமிழில் வெளிவருதல் வேண்டும். பிறநாட்டுச் சுங்க விதி மாறியவுடன் அச்செய்தியும் தமிழிலேயே அறிவிக்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, ஜில்லா ஏற்றுமதி வளர்ச்சிக் குழுவுக்குக் கலெக்டரே தலைவர். அவரது ஆபீஸ் இருப்பதோ வேங்கிக்காலில். மாதம் ஒரு நாள் தபால், சுங்கம், தொழில் மையம், பாங்கி ஆகியவற்றின் உத்தியோகஸ்தர்களை அங்கே ஒருசேர உட்காரவைத்து, வரும் தொழிலாளியின் காகிதங்களை அன்றே சரிபார்த்துக் கொடுத்தல் வேண்டும். நான்கு ஆபீசுகளுக்கு நான்கு நாள் கூலியை இழந்து அலைய அவனால் இயலாது. மூன்றாவது, கைத்தொழிலாளர் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஏற்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும் அறிந்த ஒரு இளைஞன் ஐம்பது குடும்பங்களுக்குப் போதும். ஐம்பது பார்சல்கள் ஒன்றாகச் சென்றால் கூலியில் தள்ளுபடி கேட்கலாம். ஒருவன் நஷ்டத்தை ஐம்பதின்மர் தாங்கலாம். மூன்றாவது கோரிக்கை சர்க்காரை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. வேலையற்றிருக்கும் பட்டதாரிகளும், ஓயாது கூட்டம் போடும் தேசத்தொண்டர்களும் இதனை மேற்கொள்ளலாகாதா?

சிதம்பரம் பிள்ளையின் காலத்தில் கப்பல் வாங்கப் பத்து லட்சம் வேண்டியிருந்தது. இன்று தறிக்காரன் கப்பல் வாங்க வேண்டுவதில்லை. பிறருடைய விமானத்தில் அவன் பொட்டணம் ஏறுகிறது. அவன் உடைமையாக்கிக்கொள்ள வேண்டியவை நாணயமும், கணக்கும், ஒற்றுமையும் ஆகிய மூன்றே. அமெரிக்காவின் சுங்கத்தை நாம் நிர்ணயிக்க இயலாது. நமது பொட்டணத்தின்மேல் நாம் எழுதும் விவரம் மெய்யாயிருப்பதை நாமே நிர்ணயிக்கலாம். அடுத்த முறை ஒரு கதவு அடைபடுமாயின், அதற்குள் வேறு நான்கு கதவுகள் நமக்குத் திறந்திருத்தல் வேண்டும். அதற்கான வேலை இன்றே தொடங்குக.