இனாம் வேண்டாம், கூலி கொடுங்கள்!

"டீ செலவுக்கு ஏதாவது பார்த்துக் கொடுங்க சார்!"

மலைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் இந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். சிலர் பத்து ரூபாய் கொடுக்கிறார்கள். சிலர் நூறு ரூபாய் கொடுக்கிறார்கள். சிலர் காதில் விழாதது போலப் போய் விடுகிறார்கள்.

கொடுப்பது சரியா? யாருக்குக் கொடுப்பது? எப்படிக் கொடுப்பது?

விடுமுறை வந்தால் போடிநாயக்கனூர் வழியாக ஏராளமான குடும்பங்கள் மலை ஏறுகின்றன. 2023 ஜூன் மாதம் முதல் போடிக்கு மீண்டும் ரெயில் வருகிறது. போடிமெட்டு, சூரியநெல்லி, மூணாறு என்று வழி நெடுக விடுதிகள் இருக்கின்றன. ஆகவே இது பணக்காரர் பேச்சு அல்ல. நம் வீட்டுப் பேச்சு.

ஊருக்கு ஒரு வழக்கம்

ஜப்பானில் ஓட்டல் சிப்பந்திக்குக் காசு கொடுக்கும் வழக்கம் இல்லை. மேஜையில் காசை வைத்து விட்டு வந்தால், "மறந்து விட்டீர்களே!" என்று பின்னாலேயே கொண்டு வந்து கொடுப்பார்கள்.

அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே மத்திய சட்டப்படி, 'டிப்ஸ்' வாங்கும் சிப்பந்திக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். 'டிப்ஸ்' சேர்ந்தும் குறைந்தபட்சக் கூலி வராவிட்டால்தான் முதலாளி மீதியைத் தர வேண்டும். 1991-ம் ஆண்டு முதல் இந்தத் தொகை மாறவில்லை. மாநிலங்கள் பலவற்றில் இதைவிட அதிகம் உண்டு. இல்லாத இடங்களில், வந்தவர் மனம் வைத்தால்தான் சிப்பந்தி வீட்டில் அடுப்பு எரியும்!

மாலத் தீவின் கடற்கரை மாளிகைகளில் பில்லிலேயே 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்து விடுகிறார்கள்.

நம் நாட்டில்? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி வகுத்தது. ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்பதே அது. 2025 மார்ச் மாதம் டெல்லி ஐகோர்ட்டு இதை உறுதி செய்தது. கொடுப்பதும் கொடுக்காததும் வந்தவர் இஷ்டம்.

இரண்டு ஜீப்புகள்

பொழுது விடியவில்லை. சூரியநெல்லியில் இருந்து ஒரு ஜீப் கொழுக்குமலைக்கு ஏறுகிறது. சூரிய உதயம் பார்க்கப் போகும் குடும்பம் அதில் இருக்கிறது. கல்லும் பள்ளமுமான பாதையில், குழந்தை குட்டிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறார் டிரைவர்.

அதே அதிகாலையில் போடியில் இருந்து வேறு ஜீப்புகளும் மலை ஏறுகின்றன. தூக்குச் சட்டியோடு ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலச் செடியில் ஒரே கொத்தில் பிஞ்சும் இருக்கும்; விளைந்த காயும் இருக்கும். விளைந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். மழையிலும் குனிந்து செய்யும் வேலை.

அந்தத் தாய்மாருக்கு யாராவது 'டிப்ஸ்' கொடுக்கிறார்களா? இல்லை. "ஏலக்காய் வாங்குகிறவர் பார்த்துக் கொடுப்பார், உனக்குக் கூலி குறைவுதான்" என்று ஒரு தோட்ட முதலாளி சொன்னால் ஊர் சிரிக்கும். விடுதி முதலாளி சொன்னால் மட்டும் நாம் ஏன் ஒப்புக் கொள்ள வேண்டும்?

சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை. அந்தக் கடமையை விருந்தாளியின் சட்டைப் பையில் தள்ளி விடுவது நியாயம் அல்ல.

ஜமீன் காலம் போய் விட்டது

போடி ஒரு காலத்தில் ஜமீன் ஊர். 1948-ம் ஆண்டுச் சட்டம் ஜமீன்தாரி முறையை ஒழித்தது. 1963-ல் இனாம் நிலங்களை ஒழிக்கவும் சட்டங்கள் வந்தன. ஆனால் மேலே இருப்பவர் மனம் குளிர்ந்து வீச, கீழே இருப்பவர் கும்பிட்டு வாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

"கொஞ்சம் காசு கொடுத்தால் உற்சாகமாக வேலை செய்வார்கள் அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். நன்றியாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? முன்னால் வந்து நிற்பவருக்குத்தான் காசு கிடைக்கிறது. பரிமாறியவருக்குக் கிடைக்கிறது. பாத்திரம் கழுவியவருக்கு இல்லை. பெட்டி தூக்கியவருக்குக் கிடைக்கிறது. கழிப்பறை கழுவிய அம்மாளுக்கு இல்லை!

குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்:

பேசிய வாடகையை முதலில் முழுசாகக் கொடுங்கள். ஜீப் வாடகையில் ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசி விட்டு, இறங்கும்போது இருபது ரூபாய் இனாம் கொடுப்பது தர்மம் ஆகாது.

டிரைவரும் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

அறையைப் பெருக்கியவரைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுங்கள். விடுதியில் எல்லோருக்கும் பொதுவான பெட்டி இருந்தால் அதில் போடுங்கள்.

தேயிலை பறிக்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுத்து விட்டு, காசை நீட்டாதீர்கள். அவர் வேடிக்கைப் பொருள் அல்ல, வேலை செய்கிறவர்.

குழந்தைகள் நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். காசை எப்படி நீட்டுகிறோம் என்பதையும் அவர்கள் படிக்கிறார்கள்.

போடியில் ஏலக்காய்க்கு ஏல மையம் இருக்கிறது. காயின் நிறம் பார்த்து, பருமன் பார்த்து விலை வைக்கிறார்கள். காய்க்கு நியாய விலை தேடும் ஊரில், கைக்கும் நியாய விலை வேண்டாமா?