பக்கத்து ஸ்கிரீன் 'தடதட' சத்தம்... சுவரில் ஃபோம் ஒட்டினால் போதுமா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா. அருகில் மகள். இருவரும் பேசவில்லை. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நொடியில், பக்கத்து ஸ்கிரீனிலிருந்து 'தம்... தம்' என்று மாஸ் ஹீரோ என்ட்ரி. அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது.

இது இன்று நேற்று வந்த தலைவலி இல்லை. 1974-ல் ஹாலிவுட் படமான 'எர்த்குவேக்'குக்காக, இருக்கையே அதிரும்படி 'சென்சரவுண்ட்' என்ற ஒலியமைப்பைத் தியேட்டர்களில் வைத்தார்கள். பக்கத்து அரங்கில் 'காட்ஃபாதர் 2' பார்க்கப் போனவர்கள், அந்த நிலநடுக்கம் தங்கள் படத்துக்குள்ளும் வருவதாகப் புகார் சொன்னார்கள்.

நம் ஊரிலும் பெரிய தியேட்டர்கள் பல, நடுவே சுவர் எழுப்பி இரண்டு, மூன்று ஸ்கிரீன்களாக மாறிவிட்டன. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

வசனம் வராது, பேஸ் மட்டும் வரும்!

பக்கத்து அரங்கின் வசனம் நமக்குப் புரியாது. ஆனால், 'தம் தம்' மட்டும் தப்பாமல் வரும். காரணம், சப்-ஊஃபரின் தாழ்ந்த ஒலி. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 28 அடி நீளம். சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஃபோம், அரங்குக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது. தீப்பிடிக்கும் ரகமாக இருந்தால் ஆபத்தும்கூட.

சுவரை கனமாக்கலாமே? எடையை இரட்டிப்பாக்கினாலும் சுமார் 6 டெசிபல்தான் குறையும். அந்தப் பாரத்தைப் பழைய கட்டடம் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

என்னதான் வழி?

முதலில், ஓட்டையை அடைக்க வேண்டும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், எவ்வளவு கனமான சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. பல இடங்களில் நடுச்சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே சத்தம் தாராளமாகத் தாண்டும். இரு அரங்குக்கும் பொதுவான ஏசி டக்ட், புரொஜெக்டர் அறை, கதவிடுக்கு எல்லாமே ஒலிக்குக் குறுக்குவழிகள்தான். செலவு குறைவான வேலையும் இதுதான்.

இரண்டாவது, பழைய சுவரைத் தொடாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு தனிச் சட்டத்தில் இரண்டு, மூன்று அடுக்கு ஜிப்சம் போர்டு. இடைவெளியில் தீப்பிடிக்காத ராக்வூல். இரண்டு சுவரும் ஒட்டாமல் இருப்பதுதான் சூட்சுமம். ஒரே ஒரு இரும்புக் கம்பி இரண்டையும் இணைத்தாலும், அதன் வழியே அதிர்வு கடந்துவிடும்.

மூன்றாவது, சப்-ஊஃபரை ரப்பர் தாங்கிமீது வைப்பது. அதிர்வு தரைக்குள் இறங்குவது குறையும்.

புதுச் சுவருக்காக அரங்கின் அகலத்தில் ஓர் அடியாவது போகும். சில இருக்கைகளும் போகலாம். வேலை முடியும்வரை காட்சியும் ஓடாது. சின்ன ஊர் தியேட்டர் உரிமையாளர் தயங்குவது இதனால்தான். அதுவரை, குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் ஆக்‌ஷன் படத்தைப் போடாமல் ஷோ பிரிப்பது தற்காலிக மருந்து.

அடுத்த முறை பக்கத்து அரங்கின் சத்தம் கேட்டால், சகித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த ஸ்கிரீன், எந்த வரிசை, எந்தப் பக்கச் சுவர் என்று மேனேஜரிடம் சொல்லுங்கள். ஓட்டை எங்கே என்று தேட அதுவே முதல் துப்பு. நாம் கொடுக்கும் டிக்கெட் காசு படத்தின் சத்தத்துக்கு மட்டுமல்ல, அதன் அமைதிக்கும் சேர்த்துத்தான்!