கார்புரேட்டரைக் கழுவிய பின் பெட்ரோல் வழிகிறதா?

கேள்வி: 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் பவர் வீடர் நான்கு மாதம் சும்மா கிடந்ததால் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியதும் ஏர் கிளீனர் வழியாகப் பெட்ரோல் வழிகிறது. கயிறும் இறுகிக்கொண்டது. மரவள்ளியில் களை மண்டி நிற்கிறது. புதுக் கார்புரேட்டர்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கயிற்றை வலுவாக இழுக்கவும் கூடாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருந்தால் கயிறு இப்படித்தான் இறுகும். காற்றைப் போலப் பெட்ரோல் அமுங்காது. வலிந்து இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

முதலில் பெட்ரோல் காக்கை மூடி, சுவிட்சை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் கேப்பைத் துளையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, கயிற்றை ஐந்தாறு முறை மெதுவாக இழுத்தால் பெட்ரோல் வெளியே வந்துவிடும். இதைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும். அருகில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

அடுத்து ஆயில் குச்சியைப் பாருங்கள். ஆயில் அளவு கோட்டுக்கு மேல் ஏறி, பெட்ரோல் வாசனை வந்தால் அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கையும் பிஸ்டனையும் தேய்த்துவிடும். முழுவதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். 5 முதல் 7 குதிரைத்திறன் எஞ்சின்கள் பலவற்றுக்குச் சுமார் 600 மில்லி போதும்.

இனி கோளாறு. மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மிதவை பந்து குழாயை அடைப்பது போல, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள மிதவை ஓர் ஊசியைத் தூக்கிப் பெட்ரோலை நிறுத்துகிறது. கழுவி மாட்டிய பின் வழிந்தால் பெரும்பாலும் கோளாறு இந்த இடத்தில்தான். கிண்ணத்தைக் கழற்றி இவற்றைப் பாருங்கள்:

1. ஊசி உட்காரும் இடத்தில் தூசி, பிசின் இருக்கிறதா?
2. ஊசி முனையில் வளையம் போலத் தேய்ந்திருக்கிறதா? இருந்தால் ஊசியை மாற்ற வேண்டும்.
3. ஊசி மிதவையின் நாக்கில் சரியாக மாட்டியிருக்கிறதா? மிதவை தடையின்றி ஆடுகிறதா?
4. மிதவையை ஆட்டும்போது உள்ளே பெட்ரோல் குலுங்குகிறதா? குலுங்கினால் அது ஓட்டை, மாற்ற வேண்டும்.
5. கிண்ணத்தின் ரப்பர் வளையம் மடிந்திருக்கிறதா?

மாட்டும் முன் ஒரு சோதனை. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் வாயில் சுத்தமான ட்யூபைச் சொருகி ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகப் பிடித்து ஊதினால் போக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் கார்புரேட்டர் நன்றாக இருக்கிறது, பணம் மிச்சம்.

ஜெட் துளையைக் கம்பியால் குத்தியிருந்தால் துளை பெரிதாகிப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், கரும்புகை வரும். அப்படியானால் ஜெட்டை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லாவற்றையும் மாட்டிய பின் காக்கைத் திறந்து பத்து நிமிடம் கவனியுங்கள். ஒரு சொட்டும் வழியாவிட்டால், உலர்ந்த பிளக்கைப் போட்டு, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். எனவே வேலை முடிந்து இயந்திரத்தை ஒதுக்கி வைக்கும்போது காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிட்டால், அடுத்த பருவத்தில் இந்தத் தொல்லை வராது.