கெர்கின் பறிக்க எந்திரம் உண்டா?

கேள்வி: ஒப்பந்த முறையில் அரை ஏக்கரில் கெர்கின் வெள்ளரி போட்டிருக்கிறேன். பறிக்க ஆள் கிடைப்பதில்லை. ஒருநாள் விட்டாலும் காய் பெருத்துக் கடைசித் தரத்துக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் எந்திரம் வைத்து வெள்ளரி எடுப்பதை செல்போனில் பார்த்தேன். அது நமக்கு ஆகுமா? இல்லையென்றால் பயிரையே விட்டுவிடலாமா?
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: அந்த வீடியோவை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புரியும். அந்த எந்திரம் காயை மட்டும் பறிப்பதில்லை, கொடியையே தூரோடு அறுக்கிறது. அறுத்த கொடி பட்டை வழியாக மேலே ஏறி, எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு இடையே போகிறது. கொடி நசுங்கி உள்ளே இழுபடும். காய் பருமனாக இருப்பதால் உள்ளே போக முடியாமல் காம்பு அறுந்து கீழே விழும். காற்றாடி இலை தழையை ஊதித் தள்ள, காய் தொட்டிக்குப் போகிறது. அன்றோடு அந்த வயலில் வெள்ளரி முடிந்தது. ஒரு விதைப்புக்கு ஒரே ஒரு பறிப்பு.

அமெரிக்கர்களும் இதை விரும்பித் தொடங்கவில்லை. ஊறுகாய் வெள்ளரியில் அங்கே முதலிடம் மிச்சிகன் மாநிலத்துக்கு. அங்கும் ஒரு காலத்தில் கைப்பறிப்புதான். மெக்சிகோவிலிருந்து கூலியாட்களை அழைத்துவரும் அரசுத் திட்டம் ஒன்று 1942 முதல் நடந்தது. 1964 முடிவில் அது நின்றதும் ஆள் பஞ்சம் வந்தது. கையைப் போலவே செய்யும் எந்திரத்தைத்தான் முதலில் செய்து பார்த்தார்கள். கொடியை ஒருபக்கமாகப் படரவிட்டு, மெல்லத் தூக்கி, அளவான காயை எடுத்துவிட்டு, மறுபடி தரையில் விடும் எந்திரம் அது. கொடி அடிபட்டது, மகசூல் குறைந்தது. ஆகவே அந்த யோசனையைக் கைவிட்டு, ஒரே தடவையில் அறுக்கும் வழிக்குப் போனார்கள்.

இதற்கு எந்திரத்தைவிட அதிகமாக மாறியது செடிதான். சாதாரண வெள்ளரியில் ஆண் பூ முதலில் வரும். பெண் பூ பிந்தி, விட்டு விட்டு வரும். அப்படிப்பட்ட கொடியை ஒரே நாளில் அறுத்தால் என்ன கிடைக்கும்? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர்சன் என்ற பயிர்ப் பெருக்க விஞ்ஞானி, கொரியாவிலிருந்து வந்த விதையில் கிடைத்த பெண் பூக் குணத்தை வைத்து, முழுக்கப் பெண் பூவே பூக்கும் வரிசையை உருவாக்கினார். ஆண் பூவே இல்லாத செடியிலிருந்து விதை எடுப்பது எப்படி? ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் அதிலும் ஆண் பூ வரும் என்று அவர் 1960-இல் காட்டினார். இந்த இரண்டாலும்தான் பெண் பூ வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. மகரந்தத்துக்காக அந்த விதையோடு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சாதாரண ரக விதை கலப்பார்கள். நம் ஊர் கெர்கின் விதையும் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

அப்படியும் செடிக்கு ஒன்றிரண்டு காய்தான் ஒரே சமயத்தில் தேறும். அதை ஈடுகட்டச் செடிகளை நெருக்கினார்கள். கைப்பறிப்புக்கு ஏக்கருக்குச் சுமார் 20 ஆயிரம் செடி என்றால், எந்திரத்துக்குச் சுமார் 80 ஆயிரம். விதைச் செலவே நான்கு மடங்கு. ஒப்பந்தத்தில் விதைக்காகப் பிடிக்கும் தொகையை நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

தரக் கணக்கு அதைவிட முக்கியம். நூறு காயில் சுமார் பத்துக் காய் 5 செ.மீ. விட்டத்தைத் தாண்டும் நாளே அங்கு எந்திரம் இறக்கச் சரியான நாள். அதற்கு முன்பு அறுத்தால் எடை தேறாது. நம் ஒப்பந்தத்தில் நல்ல விலை எதற்கு? கிலோவுக்கு 160-க்கு மேல் நிற்கும் பொடிக் காய்க்கு. அது ஒன்று 6 கிராம்தான். அதை அந்த உருளைக்குள் விட்டால் கொடியோடு சேர்ந்து நசுங்கும். எந்திரத்தில் எடுப்பது வட்டமாக நறுக்கிப் புட்டியில் அடைக்கும் பெரிய காய். கை மட்டுமே எடுக்கக்கூடிய பொடிக் காயாக இருப்பதால்தான் வெளிநாட்டார் நம்மிடம் வருகிறார்கள்.

மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி 2020-21-இல் வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதி 2 லட்சத்து 23 ஆயிரம் டன். சுமார் 90 ஆயிரம் சிறு விவசாயிகள் 65 ஆயிரம் ஏக்கரில் ஒப்பந்த முறையில் கெர்கின் பயிரிடுகிறார்கள். ஆளுக்கு முக்கால் ஏக்கர்கூட வரவில்லை. அந்த எந்திரம் திரும்பவே இந்த இடம் பத்தாது.

கை போலப் பறிக்கும் ரோபோ பற்றியும் கேள்வி வரலாம். நெதர்லாந்தின் வாகனிங்கனில் பசுமைக்குடில் வெள்ளரிக்கு ஒன்று செய்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவுப்படி ஒரு காய்க்கு 45 விநாடி, நூறில் எண்பது காய்தான் சரியாக வந்தது. ஜெர்மனியில் டிராக்டரோடு பெரிய இறக்கைகளைப் பூட்டி, அதில் ஆட்கள் குப்புறப் படுத்தபடி பறித்துக்கொண்டே போகிறார்கள். அங்கே தேர்ந்த ஆள் நிமிடத்துக்கு 13 காய் எடுப்பாராம். அந்த வேகத்தை எட்டத்தான் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ரோபோவோடு முயன்றார்கள்.

ஆகவே கெர்கினுக்கு எந்திரத்தை நம்ப வேண்டாம். 'மினி அறுவடை எந்திரம்' என்று யாராவது முன்பணம் கேட்டு வந்தால், உங்கள் வயலில் பந்தல் கொடியில் பொடிக் காயை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பயிரை விடுவதா என்பதற்கு, தினமும் காலையில் வயலில் எத்தனை கை நிற்கும் என்று முதலில் எண்ண வேண்டும். வீட்டில் இரண்டு பேர்தான், கூலியாள் நிச்சயமில்லை என்றால் அரை ஏக்கர் அதிகம். கால் ஏக்கரில் ஒருநாளும் தவறாமல் பறித்தால் பொடிக் காயாகவே கிடைக்கும். அரை ஏக்கரில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்து வரும் பெரிய காயைவிட அதற்கு விலை நிற்கும். அரை ஏக்கரும் வேண்டும் என்றால் இரண்டாகப் பிரித்து 15 நாள் இடைவெளியில் விதையுங்கள். கம்பெனியின் கள அலுவலரிடம் விதைப்பதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்ள வேண்டும். பிந்திய விதைப்பு, முந்தியதற்குக் காற்று வரும் பக்கத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முதல் பயிரின் அடிச்சாம்பல் நோய் இளம் பயிருக்குத் தாவிவிடும். கொடியைக் கயிற்றில் ஏற்றிக் கட்டினால் குனியாமல் பறிக்கலாம், இலைக்குள் ஒளிந்த காயும் கண்ணில் படும்.

இன்னொன்று. விட்டுப்போய்ப் பெருத்த காயை, விலை இல்லை என்று கொடியிலேயே விடாதீர்கள். ஒரு காய் முற்றத் தொடங்கினால் அதற்குப் பின் வரும் பிஞ்சுகளை வளரவிடாது. எடை போடாவிட்டாலும் அதை அன்றே அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்.