உங்க கல்யாணத்துக்கு என்ன ப்ரூஃப்? விசா ஆபீசர் கேட்கும் முன் நீங்களே கேளுங்க!



போன மாசம் சொந்தத்துல ஒரு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர் போயிருந்தோம். அந்தக் கோயிலைப் பத்திச் சொல்லவே வேணாம். 60-க்கு சஷ்டியப்தபூர்த்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம்னு ஒரே நேரத்துல பல ஜோடிங்க மாலையும் கழுத்துமா உட்கார்ந்திருப்பாங்க. எமனையே உதைச்ச ஊராச்சே!

தாலி கட்டி முடிச்சுட்டுப் பந்தியில உட்கார்ந்ததும் பெரியம்மா கேட்டாங்க: "ஏன் தம்பி, பெரியவன் எங்க ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு போடப்போறானாம். கல்யாண சர்டிபிகேட் கேக்குறான். பத்திரிகை பத்திரமா இருக்கு, அது போதாதா?"

எதிர் இலையில இன்னொரு பொண்ணு. கல்யாணமாகி பத்து மாசம். மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசன். இவளுக்கு ரெண்டு வாரத்துல மும்பை துணைத் தூதரகத்துல இன்டர்வியூ. "ஆல்பம், சாட், விமான டிக்கெட் எல்லாம் ஃபைல் போட்டுட்டேன் அண்ணா"ன்னு சந்தோஷமா சொன்னா.

நான் மூணே கேள்வி கேட்டேன். அவருக்குச் சம்பளம் எவ்வளவு? கடன் எவ்வளவு? அவரோட இன்சூரன்ஸ்ல நாமினி யாரு?

முதல் கேள்விக்கு "நல்ல சம்பளம்தான்"னு பதில் வந்தது. மத்த ரெண்டுக்கும் பதில் இல்ல. "கேட்டா தப்பா நினைச்சுப்பாரோன்னு கேக்கல"ன்னா.

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்காகத்தான். பயப்படுற அளவுக்கு அந்த இன்டர்வியூ கெட்டது கிடையாதுங்கிறது என் கருத்து. நம்ம வீட்டுப் பெரியவங்க நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே கேட்டிருக்க வேண்டிய கேள்விங்கதான் அங்க நிறைய வருது. நாம கேட்கல, அதனால ஆபீசர் கேட்கிறார்.

ஆபீசர் எதைப் பார்க்கிறார்?

விசாவுக்காகவே நடந்த கல்யாணமா, நிஜக் கல்யாணமான்னு பார்க்கிறார். எப்படிச் சந்திச்சீங்க, கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க, அவர் என்ன வேலை பார்க்கிறார், எங்க குடியிருக்கப் போறீங்க... இப்படித்தான் கேள்விங்க போகும். போட்டோவைவிட பேங்க் பேப்பர் பல நேரம் அழுத்தமா பேசும். மாசாமாசம் அனுப்பின பணம், சேர்ந்து வச்சிருக்கிற கணக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் நாமினி, வாடகை ஒப்பந்தம்... ஒரே நாள்ல உருவாக்க முடியாத பேப்பர் இதெல்லாம்.

இது 1986 முதல் இன்னும் இறுகிடுச்சு. அந்த வருஷம் அமெரிக்கா போலிக் கல்யாணங்களைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டு வந்தது. அந்த நாட்டுக்குள்ள நுழையும்போது கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகலைன்னா, ரெண்டு வருஷ நிபந்தனை கிரீன் கார்டுதான். அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ஐ-751 போட்டு, சேர்ந்துதான் வாழ்றோம்னு மறுபடி நிரூபிக்கணும்.

யாரும் படிக்காத பேப்பர்: ஐ-864

மனைவியை அழைக்கிற கணவர் இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். வருமானம் அந்த நாட்டு வறுமைக்கோட்டுல 125 சதவீதம் இருக்கணும். ரெண்டு பேர் குடும்பத்துக்கு 2025 கணக்குப்படி வருஷம் சுமார் 26,437 டாலர். அவர் வருமானம் பத்தலைன்னா இன்னொருத்தர் கூட்டு ஸ்பான்சரா வரலாம்.

இது வெறும் ஃபார்மாலிட்டி கிடையாது, சட்டப்படியான ஒப்பந்தம். விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு தானா முடியாது. மனைவி சிட்டிசன் ஆகணும், இல்ல 40 காலாண்டு வேலைக்கணக்கு சேரணும், இல்ல நாட்டைவிட்டு நிரந்தரமா போகணும், இல்ல ரெண்டு பேர்ல ஒருத்தர் காலமாகணும். நூறு பவுன் போட்டு அனுப்புற அப்பாக்களே, உங்க பொண்ணுக்கு அங்க இருக்கிற பெரிய பாதுகாப்புல இதுவும் ஒண்ணு. ஒரு காப்பி அவ கையில இருக்கட்டும்.

செலவுக் கணக்கு

2024 ஏப்ரல் கட்டண மாற்றத்துக்கு அப்புறம் ஐ-130 ஆன்லைன்ல 625 டாலர். விசா விண்ணப்பம் 325, ஐ-864 பரிசீலனை 120, கடைசியா குடியேற்றக் கட்டணம் 235. மொத்தம் 1,305 டாலர், அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல. மெடிக்கல், போலீஸ் கிளியரன்ஸ், மும்பை போய்வர செலவு எல்லாம் தனி. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதையும் பட்ஜெட்ல எழுதிடுங்க.

பெரியம்மாவுக்கு என்ன பதில்?

பத்திரிகை மட்டும் போதாது. 21 வயசு முடிஞ்ச சிட்டிசன் பிள்ளை, அப்பாவுக்கு மனு போடும்போது பெற்றோரோட கல்யாணச் சான்றிதழும் வைக்கணும். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினவங்ககிட்ட பேப்பர் இல்ல, பத்து மாச ஜோடிகிட்ட ஃபைலே இருக்கு. வேடிக்கைதான், ஆனா சரிசெய்யலாம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பழைய கல்யாணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்துல பதியலாம். கவனிங்க, தேதி முதல் தாலி கட்டின தேதி! திருக்கடையூர் தேதியைப் போட்டுட்டு அப்புறம் முழிக்காதீங்க.

புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாள் அவகாசம். தாமதக் கட்டணத்தோட இன்னும் 60 நாள். வெளிநாடு போறவங்க மட்டும் இல்ல, எல்லாருமே பதியணும்.

"நம்ம வீட்டு வழக்கம் வேறயே?"

நியாயமான கேள்வி. டெல்டா பக்கம் கூட்டுக் குடும்பத்துல கணக்கு மாமனார் பேர்ல இருக்கும், நெல்லு வித்த காசு கையில புழங்கும். இந்த மாதிரிச் சோதனை மாசச் சம்பளக்காரங்களுக்குத்தான் சுலபம், அதை ஒத்துக்கிறேன். அதுக்காக யாரோ ஏஜென்ட் சொன்னான்னு அவசரமா ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் திறந்து ஷோ காட்டாதீங்க, பொய் சொல்லாதீங்க. போலிக் கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா, பின்னாடி நிஜமா கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் அந்த வழி மூடிக்கும். வீட்டுல எது உண்மையோ அதுக்குப் பேப்பர் வச்சுக்கங்க, போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

1. உங்க சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்துங்க.
2. பி.எஃப். நாமினேஷனைக் கல்யாணத்துக்கு அப்புறம் புதுசா போடுங்க.
3. நகை லிஸ்ட், பில், லாக்கர் யார் பேர்ல இருக்குங்கிற விவரத்தை எழுதி அம்மாகிட்ட ஒரு காப்பி கொடுங்க. அது உங்க ஸ்ரீதனம்.
4. கிரீன் கார்டு வந்ததும், இந்தியாவுல இருக்கிற உங்க கணக்குகளோட மொத்தம் வருஷத்துல எப்போவாவது 10,000 டாலரைத் தாண்டினா அங்க தெரிவிக்கணும். அம்மாவோட சேர்ந்து போட்ட எஃப்.டி.யும் இதுல சேரும். மறைச்சா அபராதம் பயங்கரம்.

அந்தப் பொண்ணு அன்னைக்கு ராத்திரியே கணவர்கிட்ட கேட்டுட்டா. அவருக்கு இன்னும் படிப்புக் கடன் பாக்கி இருக்கு, இவ நினைச்சதைவிட அதிகமாவே. ரெண்டு நாள் சரியா பேசிக்கல. மூணாவது நாள் அவரே லோன் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப் ரெண்டையும் அனுப்பிட்டு, "இனிமே பட்ஜெட் சேர்ந்தே போடலாம்"னு மெசேஜ் போட்டாராம்.

இன்டர்வியூல அந்தக் கேள்வி வருமோ வராதோ, எனக்குக் கவலை இல்ல. கேட்க வேண்டியவ கேட்டுட்டா. உங்க வீட்டுலயும் இன்னைக்கு ராத்திரி அந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு வீடியோவுக்குக் கீழ எழுதுங்க, அடுத்த பதிவுல பேசலாம்.